காற்றாலைக்கு ஆள் பிடித்த பெண்

இரண்டாயிரத்து ஏழு வாக்கில், வேலை இல்லாத மாதங்களில்தான் எனக்கு வேலை அதிகம். காற்றாலை நிறுவும் சைட்டுகளில் ஒப்பந்த அடிப்படையில் ப்ராஜெக்ட் மேனேஜராக இருந்தேன். கடைசிக் காற்றாலையின் இறக்கை சுழன்றதும் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். அடுத்த சைட் கிடைக்கும் வரை சின்னமனூரில் வீட்டில் இருப்பேன். வீட்டில் என்பதைவிட மொட்டை மாடியில் என்று சொல்வதே சரி. செல்போனுக்குச் சிக்னல் கிடைத்தது அங்கே தண்ணீர்த் தொட்டிக்கும் துணிக்கொடிக்கும் நடுவில் இருந்த இரண்டடி இடத்தில் மட்டும்தான். அந்த இடத்தை விட்டு ஓர் எட்டு நகர்ந்தால் பேசிக்கொண்டிருப்பவர் காணாமல் போய்விடுவார்.

பேசுகிறவர்கள் எல்லாம் ஏஜென்ட்டுகள். கம்பெனிகள் எங்களை நேரடியாக எடுப்பதில்லை. நடுவில் ஓர் ஏஜென்சி ஆள் பிடித்துக் கொடுக்கும். கம்பெனி அதற்கு நாள் கணக்கில் ஒரு ரேட் கொடுக்கும். தன் பங்கை எடுத்துக்கொண்டு மீதியை ஏஜென்சி எங்களுக்குத் தரும். கம்பெனி எவ்வளவு கொடுக்கிறது என்பது எங்கள் காதுக்கு வரவே வராது. நான் ஒரு ரேட் சொல்வேன். மறுமுனையில் ஒரு பெருமூச்சு கேட்கும். "க்ளையன்ட் பட்ஜெட் ரொம்ப டைட் சார்" என்பார்கள். அந்த வாக்கியத்தை நான் நூறு தடவையாவது கேட்டிருப்பேன். டைட்டாக இல்லாத பட்ஜெட்டை ஒருநாளும் சந்தித்ததில்லை.

போதாததற்கு பயோடேட்டா. ஒருவர் இரண்டு பக்கத்துக்குள் கேட்பார், இன்னொருவர் ஐந்து பக்கமாவது வேண்டும் என்பார். ஒவ்வொரு முறையும் பிரவுசிங் சென்டருக்கு ஓடுவேன். கரண்ட் போனால் பாதி திருத்தியதும் போய்விடும். அப்படி மெனக்கெட்டு அனுப்பியபின் அந்த ஏஜென்ட் மறுபடி கூப்பிடவே மாட்டார்.

அந்த ஆனி மாதத்தில் சென்னை ஏஜென்சி ஒன்றிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். ஆங்கிலமும் தமிழும் அளந்து கலந்த, இஸ்திரி போட்ட குரல்.

"சார், ஒரு விண்ட் ப்ராஜெக்ட். ரிமோட் லொகேஷன். மலையடிவாரம். அங்கே போய்த் தங்குவதில் உங்களுக்குப் பிரச்சினை இல்லையே?"

"எந்த ஊர் மேடம்?"

"சாரி சார், அது கான்ஃபிடென்ஷியல்."

எனக்கு இதெல்லாம் பழக்கம். வேறு பக்கமாகப் போனேன். "இறக்கையெல்லாம் நூறடிக்கு மேல நீளம் மேடம். எந்த வழியா வருதுன்னு தெரியாம நான் எப்படி ஒத்துக்க முடியும்?"

அவள் காகிதத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "தூத்துக்குடி ஹார்பர், மதுரை, உசிலம்பட்டி, தேனி, சின்னமனூர்..." என்று வாசித்துக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்திவிட்டாள்.

நான் கொடியில் காய்ந்த துணியை ஒதுக்கி மேற்கே பார்த்தேன். மலையடியில் தேவாரம் என்ற ஊர்ப் பக்கம் ஏற்கெனவே நின்ற காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருந்தன. ரிமோட் லொகேஷன் எங்கள் மாடியிலிருந்தே தெரிந்தது.

நாளுக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கேட்டேன். அவள் ஆயிரத்து எண்ணூறு என்றாள். பெருமூச்சு, டைட், எல்லாம் முறைப்படி வந்தன. "யோசித்துச் சொல்கிறேன். ஆனால் என் பேரை அனுப்பிவையுங்கள்" என்று வைத்தேன்.

மறுநாள் காலையில் அந்த சைட்டைத் தேடிப் பைக்கை எடுத்துக்கொண்டு பொட்டிப்புரம் ரோட்டில் போனேன். கரிசலும் செம்மண்ணும் கலந்த மானாவாரிக் காட்டுக்கு நடுவே புதிதாகப் பாதை போட்டிருந்தார்கள். பாதை முடிவில் பெரிய கிரேன் ஒன்று கொக்கியைத் தொங்கவிட்டபடி சும்மா நின்றது. அதன் நிழலில் ஆடுகள் படுத்திருந்தன. அந்த அளவு கிரேன் சும்மா நின்றால் கம்பெனிக்கு என்ன செலவாகும் என்று எனக்குத் தெரியும். இவர்களுக்கு ஆள் அவசரமாகத் தேவை. அதை எந்த ஏஜென்ட்டும் என்னிடம் சொல்லப்போவதில்லை.

இரண்டு நாள் கழித்து அவள் மறுபடி கூப்பிட்டாள். இந்த முறை குரலில் சூடு இருந்தது.

"சார், நீங்க இன்னொரு ஏஜென்சிக்கும் ஓகே சொல்லியிருக்கீங்க. க்ளையன்ட்டுக்கு உங்க பயோடேட்டா ரெண்டு வழியா போயிருக்கு. அவங்க போட்டிருக்கிற உங்க ரேட் ஆயிரத்து ஐந்நூறு. ரெண்டையுமே ரிஜெக்ட் பண்ணப் போறாங்க. இது எத்திக்ஸே இல்ல சார்."

எனக்குத் தலை கொதித்தது. யாரோ ஓர் ஏஜென்ட், ஒரு வருஷத்துக்கு முன் எதற்கோ அனுப்பிய பயோடேட்டாவைத் தூசி தட்டி, என்னிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் என்னைச் சந்தையில் நிறுத்தியிருக்கிறான். அதுவும் ஆயிரத்து ஐந்நூறுக்கு! அவன்மேல் வந்த கோபத்தை எல்லாம் இவள்மேல் கொட்டினேன். ஆள் பிடிப்பது ஒரு தொழிலா, மாட்டுத்தரகர்கூட மாட்டைப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வார், நீங்களெல்லாம் முகமே பார்க்காமல் விற்கிறீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன்.

பதிலுக்கு வந்தது வேறு குரல். இஸ்திரியெல்லாம் கலைந்துபோன குரல்.

"நான் என்ன சார் செய்ய? அவுக சொன்னாக, நான் சொல்றேன். இங்கன உக்காந்துக்கிட்டு நானாவா வெலை வைக்கிறேன்?"

'சொன்னாக' என்ற, எங்கள் பக்கத்துப் பேச்சான அந்த ஒரு சொல்லில் என் கோபம் சறுக்கி விழுந்தது.

"ஏம்மா, எந்த ஊரும்மா நீ?"

மெதுவாகச் சொன்னாள். "சுருளிப்பட்டி சார்."

என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. எங்கள் தேனிப் பக்கத்திலேயே, கம்பம் ஊருக்கு அருகில் பிறந்து வளர்ந்த பெண், சின்னமனூர்க்காரனிடம் மலையடிவாரத்து ரிமோட் லொகேஷன் என்று விளக்கியிருக்கிறாள். அவளும் சிரித்துவிட்டாள். சிரித்து முடித்ததும் அவள் பேச்சு வேறு மாதிரி ஆகிவிட்டது.

"எங்க அய்யா திராட்சைத் தோட்டம் வச்சிருக்காரு சார். வெட்டு அன்னைக்கு யாவாரி வந்து நின்னுக்கிட்டு, பழம் சிறுத்துருச்சு, நெறம் ஏறலன்னு வெலையக் கொறைப்பாக. அய்யா மூஞ்சியப் பாக்கவே முடியாது. இப்ப அதே பேச்ச நான் பேசிக்கிட்டு இருக்கேன். எனக்கு மட்டும் நல்லாவா இருக்கு?"

நான் கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "ஒரு நாளைக்குப் பத்துப் பேராச்சும் வைவாக சார்" என்றாள். பிறகு நடக்க வேண்டியதைச் சொன்னாள். உங்கள் ஏஜென்சிக்கு மட்டும்தான் சம்மதம் தந்தேன், மற்றவர்கள் என்னைக் கேட்காமல் அனுப்பினார்கள் என்று உடனே ஒரு மெயில் போட வேண்டும். அதை க்ளையன்ட்டிடம் காட்டி அந்த இன்னொரு பயோடேட்டாவை அவள் எடுத்துவிடச் செய்வாள்.

"அப்புறம் சார், வெள்ளிக்கெழமை காலையில கூப்புடுவேன். எங்க மேனேஜர் பக்கத்துல நின்னு ஸ்பீக்கர்ல கேப்பாரு. நான் கொறைங்க கொறைங்கன்னு சொல்லுவேன். நீங்க எறங்காதீக."

"உனக்கு இதனால நஷ்டம் வராதா?"

"ஆளு சேந்தாத்தான் எனக்கு இன்சென்டிவ். எம்புட்டு ரேட்டுன்னு பாக்க மாட்டாக."

அது எனக்கு நிம்மதியாக இருந்தது. தியாகம் செய்து என்னைக் காப்பாற்றுவதாகச் சொல்லியிருந்தால் கூச்சமாக இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு என் இரண்டடி இடத்தில் தயாராக நின்றேன். என் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதையும் சொல்லியிருக்கவில்லை. போன் வந்தது. இஸ்திரி போட்ட குரல் திரும்பியிருந்தது.

"சார், க்ளையன்ட் பட்ஜெட் ரொம்ப டைட். ஆயிரத்து எண்ணூறுதான் மேக்ஸிமம்."

"முடியாது மேடம்."

"உங்க லெவலுக்கு மார்க்கெட்ல நிறைய பேர் இருக்காங்க சார்."

"அப்ப அவங்களையே எடுத்துக்குங்க."

மனைவியின் கையில் இருந்த ஈரப் புடவை அப்படியே நின்றது. "ஏங்க, என்ன சொல்றீக? ரெண்டு மாசமா போனக் கட்டிக்கிட்டு அழுதீக, இப்ப வேணாங்குறீக?"

நான் போனைப் பொத்திக்கொண்டு அவளைச் சைகையால் அடக்கினேன். அவள் அடங்கவில்லை. சத்தமாகவே சொன்னாள். "அவுக குடுக்குறத வாங்கிக்கிட்டுப் போவீகளா!"

அது சென்னை ஸ்பீக்கரில் தெளிவாகக் கேட்டிருக்கிறது. நாடகம் கவிழ்ந்தது என்றுதான் நினைத்தேன். அந்தப் பெண் ஒரு நொடிகூடத் தடுமாறவில்லை. "சார், வேற ப்ராஜெக்ட்டுக்கு வேற ஏஜென்சி யாராவது லைன்ல இருக்காங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா மேடம். அவங்களும் அவசரப்படுறாங்க" என்றேன்.

அங்கே முணுமுணுப்புக் கேட்டது. ஒரு நிமிடம் பொறுக்கச் சொன்னார்கள். பிறகு இரண்டாயிரத்து முந்நூறு என்றார்கள். ஒப்புக்கொண்டேன். போனை வைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "என்னையும் ஏஜென்சி ஆக்கிட்டீகளா?" என்று புடவையை உதறினாள். தண்ணீர் முழுவதும் என்மேல் தெறித்தது.

திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தேன். காலையில் வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் பைக்கில் போய்விடலாம். அப்படியொரு சைட் என் ஆயுசில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தீபாவளிக்கு முந்தின வாரம், ஆறாவது காற்றாலை எழுந்து நின்ற சமயம், சைட்டுக்கு இரண்டு பெண்கள் வந்திருப்பதாகக் காவலாளி சொன்னார். போய்ப் பார்த்தால் குடை பிடித்தபடி ஒல்லியாக ஒரு பெண்ணும், பக்கத்தில் அவள் அம்மாவும். வாயைத் திறந்ததும் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். நான் மனதில் வைத்திருந்த உருவத்துக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. அவளும் என்னைப் பார்த்து, "போன்ல ரொம்ப ஒசரமாத் தெரிஞ்சீக சார்" என்றாள்.

மகள் சென்னையில் என்ன வேலை பார்க்கிறாள் என்பது அந்த அம்மாவுக்கு விளங்கவே இல்லையாம். அதைக் காட்டத்தான் பஸ் மாறி, வெயிலில் நடந்து கூட்டி வந்திருந்தாள்.

"இவரத்தாம்மா நான் புடிச்சுக் குடுத்தேன். இவர்தான் இதையெல்லாம் தூக்கி நிக்க வச்சாரு."

அந்த அம்மா என்னைச் சரியாகக்கூடப் பார்க்கவில்லை. அண்ணாந்து, சுழலும் இறக்கையையும் அதற்கு மேலே மலையை ஒட்டி நகர்ந்த மேகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏய்யா, இது மழ மேகத்தக் கலைச்சு விட்டுருதுன்னு எங்கூர்ல சொல்றாகளே, நெசமா?"

இல்லை என்று சொன்னேன். இறக்கையின் உயரம் என்ன, மேகத்தின் உயரம் என்ன என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு மகள் பக்கம் திரும்பி, "நல்லாத்தான் பேசுறாரு. மழ வரட்டும், பாப்போம்" என்றார்.

மகள் குடையை முகத்துக்கு நேரே சாய்த்துக்கொண்டு சிரித்தாள்.