சீருடையோடு தூங்கிய பிள்ளை

இந்த ஊரில் காலையில் வாசலில் கோலம் இல்லையென்றால் அந்த வீட்டில் சாவு விழுந்திருக்கிறது என்று அர்த்தம். எனக்கு அது தெரியாது. ராஜபாளையத்துக்கு வந்த புதிதில், கோலத்துக்குப் போகும் ஏழு நிமிடத்தை மிச்சம் பிடிக்கலாம் என்று நினைத்து, இரண்டு நாள் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்ததோடு விட்டுவிட்டேன். மூன்றாம் நாள் எதிர்வீட்டு ருக்மணி அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து என் கையைப் பிடித்தார். "ஏட்டி, மஸ்கட்ல இருந்து சேதி ஏதும் வந்துச்சா? எங்ககிட்டச் சொல்லக்கூடாதா? நாங்கள்லாம் எதுக்கு இருக்கோம்?" என் வீட்டுக்காரர் மஸ்கட்டில் தையல் வேலையில் இருக்கிறார். "நேத்துகூடப் பேசினாருங்க அக்கா, நல்லாத்தான் இருக்காரு" என்றேன். அவர் கையை விட்டுவிட்டார். "பொறவு எதுக்கு வாசல மூளியாப் போட்டிருக்க? நான் ரெண்டு நாளா காப்பி எறங்காமக் கெடக்கேன்!" நான் ஏழு நிமிடக் கணக்கைச் சொன்னேன். அவர் வீட்டுக்குள் போய்த் தெலுங்கில் ஏதோ சொன்னார். தெருவுக்கே கேட்கும்படி உள்ளே எல்லோரும் சிரித்தார்கள். அன்று சாயங்காலமே கடையில் ஸ்டிக்கர் கோலம் ஒன்று வாங்கி வாசற்படியில் ஒட்டினேன். இந்த வீட்டில் யாரும் சாகவில்லை என்று ஊருக்குச் சொல்ல அது போதும்.

இதை வாசிக்கிற லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்கும், என்னைப்போல் ஊர்விட்டு ஊர் போனவர்களுக்கும் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நான் இலங்கையில் அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. கொஞ்சக் காலம் கொழுந்தெடுத்தேன். குவைத்தில் ஒரு மதாம் வீட்டில் ஐந்து பிள்ளைகளுக்குச் சோறூட்டினேன். பிறகு ஜோர்தானில் கார்மென்ட் கம்பெனி. "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்திக் கத்துகிற சூப்பர்வைசருக்குக் கீழே, பக்கத்து மெஷினில் தைத்துக்கொண்டிருந்தவர்தான் என் வீட்டுக்காரர். அவர் ராஜபாளையத்துக்காரர். அவரைக் கட்டிக்கொண்டு இங்கே வந்தேன். எந்த இடத்திலும் இரண்டு வருடத்துக்கு மேல் என் கால் தரித்ததில்லை. இங்கேதான் எட்டு வருடமாக இருக்கிறேன். காரணம் என் மகள் தர்ஷினி. பாஸ்போர்ட்டில் அவள் ஒரு தேசம், நான் வேறொரு தேசம். அவளை விட்டுவிட்டு எங்கே போவது என்றுதான் இருந்தேன்.

நான் வேலை செய்வது ஒரு பேண்டேஜ் கம்பெனியில். ஆஸ்பத்திரிக்குப் போகும் துணியை மடித்து அடுக்குகிற வேலை. கம்பெனி வேன் தேவதானத்தில் கிளம்பி, வழியில் ஆட்களை ஏற்றிக்கொண்டு எங்கள் தெருமுனைக்கு ஏழே காலுக்கு வரும். ஒரு நிமிடம் நிற்கும். எங்கள் தோட்டத்திலும் இதே கதைதான். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி அரைப்பேர்தான் போடுவார். முழுநாள் மலையேறினாலும் பாதிநாள் கூலி. அதனால் என் அம்மா இருட்டிலேயே எழுந்து கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, கனமாக நாலு ரொட்டி தட்டிவிடுவாள். மிளகாயும் வெங்காயமும் இடித்த கட்டைச் சம்பல் ஒரு உருண்டை. காலைக்கும் அதுதான், மத்தியானத்துக்கும் அதுதான். என்னைத் தோளில் போட்டுக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில் ஆயம்மாவிடம் விட்டுவிட்டு மலைக்குப் போய்விடுவாள். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் செய்தார்கள். யாரும் யாரையும் குறை சொல்லவில்லை. பிள்ளை வளர்ப்பது என்றால் அதுதான் என்று நான் நினைத்திருந்தேன்.

எனவே நானும் ரொட்டி தட்டினேன். பன்னிரண்டு நிமிட வேலை. சோற்றுப் பானையிலேயே முட்டையைக் கழுவிப் போட்டு அவித்தேன். ஞாயிற்றுக்கிழமை புளிக்குழம்பு வைத்தால் புதன் வரை வரும். பாத்திரம் கழுவுகிற நேரம் குறையட்டும் என்று நானும் மகளும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். துணியைக் காயப்போடும்போதே நன்றாக உதறி இழுத்துப் போட்டால் மடிக்கிற வேலை பாதி குறையும். இப்படி ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள், "ஒங்க வீட்ல சோறே ஆக்கமாட்டீகளா?" என்று தர்ஷினியைக் கேட்டார்களாம். அவள் என்னிடம் வந்து கேட்டாள். "ஆக்குவோம், ராத்திரிக்கு" என்றேன். மறுநாள் அவள் ரொட்டியைத் தின்னாமல் திருப்பிக் கொண்டுவந்தாள். அதற்கு மறுநாள் தின்றுவிட்டாள். பசி பழக்கிவிடும், எனக்குத் தெரியும்.

என் கண்டுபிடிப்புகளில் பெரியது சீருடைதான். காலையில் பிள்ளையை எழுப்பி, குளிப்பாட்டி, உடுத்தி, தலை பின்னி முடிக்க நாற்பது நிமிடம் போனது. நான் அதைச் சாயங்காலத்துக்கு மாற்றினேன். ஏழு மணிக்குக் குளியல், சாப்பாடு, பிறகு மறுநாள் போட வேண்டிய சீருடையைப் போட்டு, இரட்டைச் சடை பின்னி, ரிப்பனும் கட்டிப் படுக்க வைத்துவிடுவேன். காலையில் எழுந்து முகம் கழுவினால் போதும். ஷூவை மாட்டிக்கொண்டு பிள்ளை தயார். ஆறு மணிக்கு எழுப்பி, ஏழு மணிக்கு ருக்மணி அக்கா வீட்டில் விட்டுவிடுவேன். பள்ளிக்கூட ஆட்டோ அங்கே வரும்.

டீச்சர் ஒருநாள் கூப்பிட்டு அனுப்பினார். "வீட்ல அயன்பாக்ஸ் இல்லையாம்மா? டெய்லி கசங்கித்தான் வாரா. மத்த பிள்ளைங்க கிண்டல் பண்ணுது" என்றார். அயன்பாக்ஸ் இருக்கிறது என்று சொல்லி, என் முறையை முழுக்க விளக்கினேன். எவ்வளவு நேரம் மிச்சம் என்பதையும் சொன்னேன். வேலைக்குப் போகிற பொம்பளைதானே இவரும், இவருக்கும் உதவும் என்று நினைத்துச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க கேரளாவாம்மா?" என்று கேட்டார். இல்லை, இலங்கை என்றேன். "ஓ, கேம்ப்பா?" என்றார். கேம்ப் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். மணி அடித்துவிட்டது. எழுந்து வந்துவிட்டேன்.

மிச்சம் பிடித்த நேரம் எங்கே போனது என்று கேட்பீர்கள். சாயங்காலம் அரைமணி நேரமாவது பிள்ளையோடு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அத்தனையும் செய்தேன். கம்பெனியில் காலை வேனுக்குச் சிலர் பிந்தி வந்தார்கள். நான் ஒருநாளும் பிந்தவில்லை. சூப்பர்வைசர் அதைக் கவனித்துவிட்டு, "நீதான் கரெக்டா நிக்கியே, முதல் வேனுக்கு வந்துரேன்" என்றார். முதல் வேன் ஆறே முக்காலுக்கு. சரி என்றேன், வேலை போய்விடும் என்று பயம். பிள்ளையை எழுப்புவது ஐந்தரைக்கு மாறியது. சாயங்காலமும், "இந்த லோடு மட்டும் முடிச்சுட்டுப் போயிரு" என்பது வழக்கமாகிவிட்டது. கையில் வேகம் இருக்கிறவளுக்கு மேலும் வேலை வரும் என்பது குவைத்திலேயே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் வீடு வரும்போது தர்ஷினி ருக்மணி அக்கா வீட்டில் டிவி முன்னால் பாதித் தூக்கத்தில் இருப்பாள். குளிப்பாட்டி, ஊட்டி, சீருடை மாட்டிப் படுக்க வைக்கத்தான் நேரம் சரியாக இருக்கும். அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது என்று அவள் சொல்ல ஆரம்பிப்பாள். "வெரசா மெல்லு, வெரசா மெல்லு" என்பேன். நான் இங்கே வந்து முதலில் கற்றுக்கொண்ட ஊர்ப்பேச்சு அதுதான்.

காலாண்டுத் தேர்வு விடுமுறைக்கு அவளை ஸ்ரீவில்லிபுத்தூரில் என் மதினி வீட்டுக்கு அனுப்பினேன். மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. கெட்ட மனுஷி இல்லை. அவர் கணவருக்கு இரும்புக்கடை. ஒரே மகன் வெளியூரில் காலேஜ் படிக்கப் போய்விட்டான், வீட்டில் சோறு மீந்துபோகிறது என்று எப்போதும் குறைபட்டுக்கொள்வார். இரண்டாம் நாள் சாயங்காலம் போன் செய்தார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது.

"ஏட்டி, இந்தப் பிள்ள குளிச்சுட்டு வந்து யூனிபாரம் எங்கன்னு கேக்கா."

நான் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டேன்.

"லீவு நாள்ல எதுக்குட்டி யூனிபாரம்னு கேட்டா, அதப் போட்டுட்டுத்தான் தூங்கணும்னு சொல்லுதா. கவுனைப் போட்டுவிட்டா, தூக்கம் வராம உக்காந்தே இருக்கா. என்ன பழக்கம் பழக்கி வச்சிருக்க நீ?"

காலையில் நேரம் பற்றாது மதினி என்றேன். அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுதுகொண்டிருந்தார். எனக்கு அழுகை வரவில்லை. அந்த நேரத்திலும் அடுப்பில் வைத்த பருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

விடுமுறை முடிந்து பிள்ளையைக் கொண்டுவந்து விட மதினியே வந்தார். கூடையில் வாழைப்பழம், முறுக்கு. வந்த வேகத்தில் விஷயத்தை எடுத்துவிட்டார். "நான் பிடுங்கிட்டுப் போக வரல. நீ என்ன, வேணும்னேயா செய்யுத? ஒத்தையில எம்புட்டுத்தான் பாப்ப? பிள்ளைய எங்கிட்ட விடு. பள்ளிக்கூடம் எங்க தெருமுனையிலதான் இருக்கு. வாரத்துக்கு ஒருக்கா நீ வந்து பாரு. இந்தா இருக்கு, அரைமணி நேர பஸ்தான்." என் வீட்டுக்காரரைப் போனில் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டார். அவர் ஏற்கெனவே எல்லாம் பேசி முடித்தவர்போல, "அக்கா சொல்றதும் சரிதான. நீயும் செத்த நேரம் படுத்து எந்திரிக்கலாம்" என்றார். அக்காவும் தம்பியும் என்னிடம் கோபப்பட்டிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன். சண்டை எனக்குப் பழக்கம். அவர்கள் இரக்கப்பட்டார்கள். அதற்கு எப்படிப் பதில் சொல்வது என்று எந்த ஊரிலும் நான் படிக்கவில்லை. கடைசியில், "பிள்ளையையே கேளுங்க" என்றேன். அவள் என் பக்கம் வருவாள் என்று நம்பித்தான் அப்படிச் சொன்னேன்.

தர்ஷினி முறுக்கைக் கடிப்பதை நிறுத்திவிட்டு யோசித்தாள். பிறகு கேட்டாள்: "அத்தே, அங்க எத்தன மணிக்கு எந்திரிக்கணும்?"

"ஏழு மணிக்கு எந்திரிச்சாப் போதும்ட்டி."

அவள் விரல்களை மடக்கிக் கணக்குப் போட்டாள். "இங்க அஞ்சர. அப்ப ஒன்றர மணி நேரம் மிச்சம்" என்று என்னைப் பார்த்துச் சந்தோஷமாகச் சொன்னாள். நான் மெச்சுவேன் என்று எதிர்பார்த்திருக்கிறாள். இத்தனை நாள் அதைத்தானே அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். "போறேம்மா" என்றாள்.

அவள் போய் நாலு மாதம் ஆகிறது. இப்போது எனக்கு நேரம் இருக்கிறது. ஐந்தரைக்கு எழுந்தால் ஆறு மணிக்கெல்லாம் ஒரு வேலையும் இல்லை. கை மட்டும் வேகத்தைக் குறைக்க மறுக்கிறது. வேன் வரும்வரை வாசற்படியில் உட்கார்ந்து மேற்கே மலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அய்யனார் கோவில் பக்கம் மழை இறங்கினால் எங்கள் தோட்டத்து மலைபோலவே தெரியும். அங்கே திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றும். அங்கே என் தம்பி குடும்பத்தோடு ஒற்றை அறை லயத்தில் இருக்கிறான், எனக்குப் படுக்க இடம் கிடையாது. மஸ்கட்டுக்குப் போகலாமா என்றும் தோன்றும். முன்பெல்லாம் இப்படித் தோன்றினால் ஒரு வாரத்தில் பையைக் கட்டிவிடுவேன். இப்போது பையை எடுத்துத் தூசி தட்டிவிட்டு மறுபடியும் அலமாரி மேல் வைத்துவிடுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். தர்ஷினி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். முடியை வெட்டிவிட்டிருக்கிறார்கள், பின்ன வேண்டியதில்லை. என்னைப் பார்த்ததும் ஓடிவந்து கட்டிக்கொண்டாள். பிறகு உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஃபேனைப் போட்டாள். மத்தியானம் வாழையிலை போட்டுச் சாப்பாடு. "இன்னும் கொஞ்சம் வச்சுக்கோம்மா, கூச்சப்படாத" என்று அவளே அப்பளம் வைத்தாள். மதினி பெருமையாகச் சிரித்தார். "பாத்தியா, எம்புட்டுப் பொறுப்பா இருக்கா!" நானும் சிரித்தேன். பிள்ளை நன்றாக இருக்கிறாள். அதில் சந்தேகமே இல்லை. அதுதான் என்னைக் கொல்கிறது.

நான் கிளம்பும்போது ஒரு சின்ன எவர்சில்வர் தூக்குவாளியைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். உள்ளே சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் அவளே போட்டு வைத்திருந்தாள். "ஒன் வீட்டுக்குப் போயி நீ தனியா ஆக்க வேணாம்ல, அதுக்குத்தான்" என்றாள். பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வாளியை மடியில் வைத்துக்கொண்டேன். ராஜபாளையம் வந்து இறங்கும்போது அது ஆறியிருந்தது. உப்பு, புளி எல்லாம் சரியாக இருந்தது. முழுவதையும் சாப்பிட்டேன்.

அடுத்த வீட்டிலிருந்து வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது. எங்கள் லயத்திலும் அந்த வழக்கம் உண்டு, இந்த ஊரிலும் உண்டு. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் கொடுப்போம். ஒரே வீட்டுக்காரர்களுக்குள் அப்படி யாரும் பார்ப்பதில்லை. தூக்குவாளியைக் கழுவித் துடைத்து வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை என் மகளுக்கு அதில் எதைப் போட்டுக் கொண்டுபோவது என்று மூன்று நாளாக யோசித்துக்கொண்டிருக்கிறேன்.