அமாவாசையில் போட்ட ரோடு

எங்கள் ஊருக்கு ரோடு போட்டது நாங்களேதான். கூலிக்கு ஆள் வைத்துப் போட்டதல்ல. கை கால் நன்றாக இருந்த அத்தனை பேரும் மண் சுமந்தோம்.

ஊர் இருப்பது ஸ்ரீரங்கத்துக்கு மேற்கே, கொள்ளிடக் கரையை ஒட்டி. இரண்டு ஆற்றுக்கு நடுவே இருப்பதால் மண்ணுக்குக் குறைச்சல் இல்லை. ரஸ்தாளியும் பூவனும் நன்றாக வரும். கஷ்டமெல்லாம் வெட்டிய வாழைத்தாரை வெளியே கொண்டுபோவதில்தான். மெயின் ரோடு வரைக்கும் வயல் வரப்புதான் வழி. ஐப்பசியில் மழை பிடித்தால் முழங்கால் சேறு. தாரைத் தலையில் வைத்துக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக நடந்துபோய், அங்கே நிற்கும் மாட்டு வண்டியில் ஏற்றி, காந்தி மார்க்கெட்டுக்கு அனுப்ப வேண்டும். நடுவில் ஒருவன் வழுக்கி விழுந்தால் காய் கன்றிவிடும். கன்றின காயை மார்க்கெட்டில் ஏறெடுத்தும் பார்க்க மாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில், எனக்குக் கல்யாணமான புதிதில், பிளாக் ஆபீசிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். ஜீப்பை மெயின் ரோட்டில் விட்டுவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வரப்பில் நடந்து வந்தார்கள். பிள்ளையார் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். புதிதாக வந்திருந்த ஓவர்சீயர் சின்ன வயதுக்காரர். அவர்தான் விவரம் சொன்னார். ரோட்டுக்கு நிலம் ஊர்க்காரர்கள் இனாமாகக் கொடுக்க வேண்டும். மண்ணும் ஊர்க்காரர்களே வெட்டிப் போட வேண்டும். அது மக்கள் பங்கு. ஊர் செய்த வேலையை அளந்து, அதற்குச் சரியாகச் சர்க்கார் தன் பங்கைச் செய்யும். தண்ணீர் போகக் கரைக்கு அடியில் இரண்டு இடத்தில் சிமெண்டுக் குழாய், மேலே சரளைக்கல், எல்லாம் சர்க்கார் பொறுப்பு. முதலில் மக்கள் பங்கு முடிய வேண்டும். வேறு சில ஊர்களில் குழாயை முதலில் இறக்கிவிட்டு, மண்வேலைக்கு ஆள் வராமல் குழாய் புதர் மண்டிக் கிடக்கிறது என்றார்.

ரோடு வருகிற வழியில் நிலம் இருந்தது எங்களுக்கும், ஊர் பிரசிடெண்டுக்கும், இன்னும் இரண்டொரு பேருக்கும். மற்றவர்களுக்கு ஓரம்தான் போயிற்று. எங்கள் கொல்லையில் மட்டும் ரோடு நடுவாக்கில் வெட்டிக்கொண்டு போனது. எங்களுக்கு இருந்ததே அந்த ஒரு வாழைக்கொல்லை. அதில் மூன்றில் ஒரு பங்கு ரோட்டுக்குப் போய்விடும். ரோட்டுக்கு வடக்கே மிஞ்சுகிற துண்டு விவசாயத்துக்கு உதவாது. அதைப் பக்கத்து நிலத்துக்காரரான என் தாய்மாமாவே வைத்துக்கொள்ளட்டும் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மாவுடன் பிறந்தவர் அவர், யாரோ அல்ல.

அப்பா அன்று கூட்டத்தில் அதிகம் பேசவில்லை. எழுந்து, "ஊருக்குன்னா எடுத்துக்குங்க" என்றார். அவ்வளவுதான். நிலத்தை எழுதிக் கொடுக்கக் காகிதத்தில் கைநாட்டும் வைத்தார். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அன்று பேச வந்திருந்தாலும் என்ன பேசியிருப்பேன் என்று தெரியவில்லை. ரோடு வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்பட்டேன்.

எங்கள் பக்கம் அமாவாசையன்று மாடு பூட்ட மாட்டோம், ஏர் ஓட்ட மாட்டோம். அதனால் அமாவாசை ரோட்டு நாள் என்று பிரசிடெண்ட் ஏற்பாடு செய்தார். காலையில் கொள்ளிடத்தில் முழுகிவிட்டு, வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு வருவோம். பெண்கள் கூடை கொண்டுவருவார்கள். கோடையில் வேலையில்லாத நாட்களிலும் வந்தோம். கொள்ளிடக் கரைப் புறம்போக்கில் குழி வெட்டி, அந்த மண்ணைக் கொண்டுவந்து கொட்டிக் கரையாக உயர்த்தினோம். மாமா இருக்கிற இடத்தில் சிரிப்புக்குப் பஞ்சமில்லை. "சர்க்கார் வேலைன்னா வேர்க்காதும்பாங்க, எனக்கு மட்டும் எங்கிருந்துய்யா இவ்வளவு வேர்க்குது?" என்று கேட்டுக்கொண்டே கூடையைத் தூக்குவார்.

குழாய் வரப்போகும் இடங்களில் சந்து விட வேண்டாமா என்று அப்பா கேட்டார். வேண்டாம், கரை முழுசாக நிற்கட்டும், குழாய் வரும்போது வெட்டிப் புதைத்துக்கொள்ளலாம், இல்லாவிட்டால் உங்கள் மண் அளவுதான் குறையும் என்றார் ஓவர்சீயர். எங்கள் நன்மைக்குத்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். குழி வெட்டும்போது, ஒவ்வொரு குழிக்கும் நடுவில் கொஞ்சம் இடத்தை வெட்டாமல் அப்படியே திட்டாக விட வேண்டும். அந்தத் திட்டின் உச்சிதான் பழைய தரை. அதை வைத்துத்தான் எவ்வளவு ஆழம் வெட்டினோம், எவ்வளவு மண் எடுத்தோம் என்று அளப்பார்கள். அதற்கு அவர் 'சாட்சி' என்று பேர் சொன்னார். நாங்களும் ஒழுங்காக விட்டு வந்தோம். உச்சியில் புல் அப்படியே இருக்க, பள்ளத்துக்கு நடுவே மண் திட்டு வரிசையாக நின்றது.

கரை முடிந்ததும், ஜில்லாவிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் பார்க்க வருகிறார், அவர் போன பிறகு அளவு எடுப்பார்கள் என்று தகவல் வந்தது. ஊரே சுத்தமாயிற்று. மாவிலைத் தோரணம் கட்டினோம். அப்போதுதான் பெண்கள் அந்தத் திட்டுகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள். எங்கள் ஊரில் சின்னக் குழந்தை இறந்தால் எரிப்பதில்லை, கொள்ளிடக் கரையில்தான் புதைப்போம். புதைத்த இடத்தில் இப்படித்தான் சின்னச் சின்ன மேடு இருக்கும். என் அம்மா இரண்டு பிள்ளைகளை அப்படிக் கொடுத்தவள். "அந்தப் பக்கம் கண்ணைத் திருப்ப முடியல. நல்ல காரியத்துக்கு வர்றவங்க கண்ணுல அதுவா படணும்?" என்றாள். பிரசிடெண்டுக்கும் மனசு கேட்கவில்லை. கரைதான் மலை மாதிரி நிற்கிறதே, அதைவிடவா சாட்சி வேண்டும் என்றார்.  அதிகாரி வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் எல்லோருமாகப் போய்த் திட்டுகளை வெட்டி, குழிகளை வயலுக்கு அண்டை கட்டுவது போல ஓரமெல்லாம் சீராக வழித்து, பார்க்க அழகாகச் செய்துவிட்டு வந்தோம். பெண்கள் கரை நெடுகக் கோலம் போட்டார்கள்.

பெரிய அதிகாரி வந்தார். மாலை போட்டுக்கொண்டார். மற்ற ஊர்கள் இந்த ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பேசினார். ஓவர்சீயர் கூட்டத்தில் நிற்காமல் குழிப் பக்கம் போனவர் அங்கேயே நின்றுவிட்டார்.  ஜீப் கிளம்பிப் போன பிறகு பிரசிடெண்டைக் கூப்பிட்டார்.

"யார் இதைச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. எல்லாருமாத்தான் செஞ்சோம்."

"அளக்கறதுக்கு இப்ப எங்கிட்ட என்ன இருக்கு?"

கரையை அளந்துகொள்ளுங்கள் என்று அப்பா சொன்னார். கரைக்கு அடியில் முன்பு மேடு இருந்ததா பள்ளம் இருந்ததா என்று யாருக்குத் தெரியும், மேலே கேட்டால் நான் எதைக் காட்டுவேன் என்றார் ஓவர்சீயர். மாமா முன்னால் வந்து, "அந்தத் திட்டை நாங்களே திரும்பக் கட்டித் தர்றோமுங்க. புல்லுகூட நட்டுடறோம்" என்றார். ஓவர்சீயருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டு, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் எழுதிப் பாக்கறேங்க" என்று சொல்லிவிட்டு வரப்பில் இறங்கி நடந்தார். எங்கள் புது ரோட்டில் நடக்கவில்லை.

அவர் எழுதித்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன். பிறகு அவரைத் திருவெறும்பூர்ப் பக்கம் மாற்றிவிட்டார்கள். அங்கே பெரிய தொழிற்சாலை வருகிறது, லாரி லாரியாகக் கல் இறங்குகிறது என்று வேலை தேடிப் போனவர்கள் வந்து சொன்னார்கள். எங்களுக்குக் கல்லும் வரவில்லை, குழாயும் வரவில்லை.

மேற்கொண்டு சொல்ல எனக்கு எங்கள் கொல்லைதான் தெரியும். எங்கள் பக்கம் மழைத் தண்ணீர் தெற்கேயிருந்து வடக்கே, கொள்ளிடத்தைப் பார்த்து ஓடும். முன்பெல்லாம் அது வயல் மேல் மெல்லிசாகப் பரவி, யாருக்கும் தொந்தரவில்லாமல் வடிந்துவிடும். இப்போது குறுக்கே கரை. முதல் வருஷம் மழை சுமார்தான். அதற்கே எங்கள் கொல்லையில் தண்ணீர் நின்று, வாழை இலை ஓரம் மஞ்சளாயிற்று. வாழைக்குத் தண்ணீர் வேண்டும், தேங்கக் கூடாது. தேங்கினால் கிழங்கு அழுகும்.

அப்பா என்னைக் கூட்டிக்கொண்டு பிளாக் ஆபீசுக்குப் போனார். படிக்கத் தெரிந்தவன் என்று என்னைத்தான் பேசச் சொன்னார். உள்ளே போனதும் நான் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அப்பாவே பேசினார். சரளை வேண்டாம், ஒரே ஒரு குழாய் கொடுத்தால் போதும், நாங்களே புதைத்துக்கொள்கிறோம் என்றார். அதிகாரி புதியவர். ஆனால் கெட்டவர் அல்ல. எங்களை உட்காரச் சொன்னார். ஆளை விட்டுத் தேடச் சொன்னார். தேடிப் பார்த்துவிட்டு, "அளவு எதுவும் எழுதலீங்க. அப்படி ஒரு ரோட்டு வேலை நடந்ததாவே இங்க இல்லீங்களே, பெரியவரே" என்றார்.

"அப்ப நான் ஒரு எடத்துல வெட்டி விட்டுக்கலாங்களா?"

"அது எப்படிங்க? நிலம் ரோட்டுக்குன்னு எழுதிக் குடுத்திருக்கீங்க. அது உங்களுது இல்ல. அதுல கை வைக்க நான் எப்படிச் சொல்றது?"

வெளியே வந்ததும், நிலத்தையாவது திருப்பிக் கேட்டிருக்கலாமே என்று மெதுவாகச் சொன்னேன். அப்பா நின்று என்னைப் பார்த்தார். தானமாகக் கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் நம் வீட்டில் கிடையாது என்றார். பிறகு இன்னும் சில தடவை போனோம். ஒவ்வொரு தடவையும் மரியாதையாகவே பேசினார்கள். சில நாள் டீ கூட வாங்கிக் கொடுத்தார்கள். பிரசிடெண்டும் போய்ப் பார்த்தார். புதிதாக மக்கள் பங்கு செய்தால் புது வேலையாக எடுத்துக்கொள்ளலாம் என்றார்களாம். ஊரில் அதைச் சொன்னபோது எல்லோரும் கேட்டுக்கொண்டார்கள். அடுத்த அமாவாசைக்கு யாரும் மண்வெட்டி எடுத்து வரவில்லை. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

மறு வருஷம் ஐப்பசியில் மழை விடவே இல்லை. வாழை குலை தள்ளி, தார் முற்ற இன்னும் கொஞ்ச காலம் இருந்தது. கொல்லையில் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்தது. கரைக்கு இந்தப் பக்கம் தொடை மட்டும் தண்ணீர், அந்தப் பக்கம் மாமாவின் வயலில் பாதம் நனைகிற அளவுதான். அவர் அப்போதுதான் சம்பா நடவு முடித்திருந்தார். அன்று மத்தியானம் அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரையேறினார். நானும் பின்னால் போனேன். மாமா அந்தப் பக்கம் முன்னாலேயே வந்து நின்றிருந்தார். அவர் கையிலும் மண்வெட்டி இருந்தது. ஊர்க்காரர்கள் சில பேர் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கரை மேல் நின்றார்கள்.

கரையை ஒரு கை அகலம் வெட்டினால் போதும், கொல்லை பிழைத்துவிடும். ஆனால் அத்தனை தண்ணீரும் ஒரே வழியில் பாய்ந்தால் நேற்று நட்ட நாற்று ஒன்றுகூட நிற்காது. இரண்டும் எல்லோருக்கும் தெரியும்.

 மாமா, "வெட்டு மச்சான். நான் தடுக்க மாட்டேன். நீ குடுத்த எடம்" என்றார். சொல்லும்போது அவர் அப்பாவைப் பார்க்கவில்லை. வயலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்பாவும் அந்த வயலைப் பார்த்தார். நாற்று வெளிர்ப் பச்சையாக, தலை தண்ணீருக்கு மேலே தெரிய நின்றது. "குடுத்துட்டேன்ல மாப்பிள்ள, அப்புறம் அது என் எடமா?" என்றார். கரை மேல் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தார். அத்தனை பேரும் அந்தக் கரைக்கு மண் சுமந்தவர்கள். யாராவது ஒருவர் வெட்டு என்றோ வேண்டாம் என்றோ சொல்லுவார்கள் என்று நானும் பார்த்தேன். யாரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அப்பா மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மழை விட்ட பிறகு வாழை ஒவ்வொன்றாகச் சாய்ந்தது. காற்றுகூட இல்லை. கிழங்கு அழுகிப்போனதால் தாரின் கனத்துக்கே சாய்ந்தது. காயையாவது எடுக்கலாம் என்று நானும் என் மனைவியும் தண்ணீரில் இறங்கி வெட்டினோம். சொல்லி அனுப்பாமலே மாமாவும் வந்து இறங்கினார். ஆளுக்கொரு தாரைத் தலையில் வைத்துக்கொண்டு கரை மேல் நடந்தோம். சரளை இல்லாத மண், மழையில் களியாகிக் காலைப் பிடித்து இழுத்தது. வரப்பே தேவலை என்று தோன்றியது. பாதி வழியில் மாமா தாரை இறக்கி வைத்துவிட்டு, பின்னால் வந்த அப்பாவிடம், "இப்ப வேணா ஒரு ஓரமா வெட்டி விடுவமா, மச்சான்? நாத்து வேர் புடிச்சிருச்சு. தாங்கும்" என்றார்.

"இனிமே எதுக்கு மாப்பிள்ள?" என்றார் அப்பா. குனிந்து, மாமா இறக்கி வைத்த தாரை அவர் தலையில் தூக்கிவிட்டார்.