முடியாததை முதலில் சொன்னவர்

வெள்ளைச் சாட்டின் துணியின் விளிம்பை இடக்கை இழுத்துப் பிடித்திருக்க, வலக்கை ஊசியால் பொடிப்பொடியாகத் தையல் போட்டுக்கொண்டே போனது. பக்கத்திலேயே மோட்டார் மெஷின், உறை போட்டு மூடியபடி கிடந்தது.

மத்திகிரியில் கல்யாண கவுன் என்றால் டெல்பின் கடைதான். மெஷின் ஊசி விரலில் இறங்கிய நாளிலிருந்து அவள் மெஷினைத் தொடவில்லை. காயம் ஆறிவிட்டது, பெடலில் கால் வைத்தால் மட்டும் உடம்பு விறைத்துக்கொண்டது. கல்யாணப் பெண் ஜெபசீலியின் கவுன் பாதியில் நின்றது. அவ்வளவு அகலப் பாவாடையைக் கையால் தைத்துக் கல்யாணத்துக்குள் முடிக்க முடியாது. வேறு கடைக்குக் கொடுத்துவிடவும் மனசு வரவில்லை.

“விரல்ல குறை இல்லம்மா, பயம்தான். ஹிப்னாடிசம் முறையா படிச்சவங்க யாரையாச்சும் பாருங்க” என்றார் டாக்டர்.

“தூங்க வைக்கறப்ப அப்படியே உன் வாயையும் கொஞ்சம் கம்மி பண்ணச் சொல்லு” என்றான் கணவன் யேசுராஜ்.

“அப்புறம் உங்கள மொத ஷிஃப்டுக்கு யாரு எழுப்பறது?”

முதலில் போன இடத்தில் சுவரெல்லாம் மேடை நிகழ்ச்சிப் படங்கள். “ஒரே தடவை போதும். நடந்ததே ஞாபகம் இருக்காது, கேரண்டி. சார் மட்டும் வெளிய இருக்கட்டும்” என்றார் அந்த ஆள்.

“உங்களால ஆகாதது என்னாங்க?” என்று கேட்டாள் டெல்பின்.

“அப்படி எதுவுமே இல்லீங்க.”

அவள் எழுந்துவிட்டாள்.

“கேரண்டியே குடுக்கறாரு, ஏன்டி?” என்றான் யேசுராஜ் தெருவில்.

“எந்தத் துணியிலயும் எந்த மாடலும் வரும்னு சொல்ற டெய்லர்கிட்ட நீங்க சட்டை குடுப்பீங்களா?”

அளவு எடுக்கும்போதே, இந்தத் துணியில் இந்த மடிப்பு நிற்காது என்று சொல்லிவிடுகிறவள் அவள். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. போகாதவர்கள் தங்கச்சிகளையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

அடுத்துப் பார்த்தது ஜோதியம்மாளை. ஹிப்னாடிசமும் படித்த மனநல ஆலோசகர். காயம், தூக்கம், சாப்பிடும் மாத்திரை, முன்பு வலிப்பு வந்ததா என்று எல்லாம் விசாரித்தார். எங்கே படித்தார் என்று டெல்பின் கேட்டதும் முகம் சுளிக்காமல் சான்றிதழைக் காட்டினார். பிறகு டெல்பின் அதே கேள்வியைக் கேட்டாள், உங்களால் ஆகாதது என்ன என்று.

“நடந்ததை மறக்கடிக்க முடியாதுங்க. உங்களுக்கு இஷ்டமில்லாததைச் செய்ய வைக்கவும் முடியாது. எல்லாருக்கும் இது பலிக்கும்னும் சொல்ல மாட்டேன். பயத்தைக் கொஞ்சம் தளர்த்திப் பாக்கலாம். வேணாம்னு தோணினா கண்ணைத் திறந்துடுங்க. உங்க வீட்டுக்காரரும் இங்கயே உக்காரட்டும்.”

டெல்பின் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

முதல் தடவை ஒன்றும் நடக்கவில்லை. திரும்பவும் போனாள், அதற்குப் பிறகும் போனாள். ஒரு நாள் காலையில் உறையை எடுத்துவிட்டு, ஊசிக்கு முன்னால் இருந்த விரல் காப்புக் கம்பியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, பெடலை அழுத்தினாள். மெஷின் ஓடியது. பயம் முழுசாகப் போய்விடவில்லை. விரலை எங்கே வைக்க வேண்டும் என்று சொல்லுகிற அளவுக்கு மட்டும் மிச்சம் இருந்தது.

கவுனை வாங்க வந்த ஜெபசீலி உள்பக்கத்தைப் புரட்டிப் பார்த்தாள்.

“ஏங்க்கா, இங்கருந்து தையல் மாறுதே?”

“அதுவரைக்கும் கைத்தையல். அங்கருந்து மெஷின்.”

“எது உறுதி?”

“ரெண்டும் நான் போட்டதுடி” என்று சொல்லி, டெல்பின் கவுனை மடித்து இரண்டு கையாலும் நீட்டினாள்.