பேச்சு எதற்கு என்று கேட்ட பாட்டு

அந்தப் பாட்டை முதன்முதலில் என் வீட்டுக்காரர் ஓட்டிய பேக்டரி பஸ்ஸில்தான் கேட்டேன். அப்போது அவர் வெறும் டிரைவர். நான் மலேசியாவில் அலோர் காஜா பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து பேக்டரி வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். நான் படியேறியதும் கேசட்டைத் தட்டிவிடுவார். "ஏய், ஒன் பாட்டு வந்துருச்சுடி" என்று பின் சீட்டுப் பெண்கள் இடிப்பார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். காது மட்டும் பாட்டிலேயே இருக்கும்.

சினிமாப் பாட்டுதான். உன் மனசு எனக்குத் தெரியும், என் மனசு உனக்குத் தெரியும், நடுவில் பேச்சு எதற்கு என்று ஒருவன் காதலியிடம் பாடுகிறான். அவ்வளவுதான் சேதி. அதையே மூன்று சரணத்துக்கு இழுத்திருக்கிறார்கள்.

எங்கள் ஆட்களுக்கு அது ஏன் அப்படிப் பிடித்துப்போனது என்று இப்போது யோசிக்கிறேன். எங்கள் வீடுகளில் புருஷன் பெண்டாட்டியிடம் ஆசையாக ஒரு வார்த்தை சொல்லி யாரும் கேட்டதில்லை. குழம்பு நன்றாக இருந்தால் இன்னொரு கரண்டி ஊற்றச் சொல்வார்கள், அதுதான் பாராட்டு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள், ஆனால் புருஷனுக்கு மட்டும் வாயில்லாவிட்டால் பெருமை. அந்த ஊமைத்தனத்துக்கு மெட்டுப் போட்டு, இதுதான் காதல் என்று ஒருவன் சொன்னால் கசக்குமா? கல்யாண டின்னரில், கராவோக்கேயில், எல்லா இடத்திலும் அதைப் பாடினார்கள். நானும் நம்பினேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னிடம் பிரியமாக ஒன்றும் சொன்னதில்லை. அதான் பாட்டில் சொல்லிவிட்டாரே என்று இருந்துவிட்டேன்.

போன வருஷம் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சு சுத்தமாகப் போயிற்று. தண்ணீர் என்று கேட்கக்கூட வராது. இப்போது நாங்கள் இருக்கும் பாச்சாங் வீட்டு ஹாலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் ஒருநாள் திடீரென்று அந்தப் பாட்டைப் பாடினார். ஒரு சொல் பிசகவில்லை. நான் அடுப்படியில் அப்படியே நின்றுவிட்டேன்.

பயிற்சி கொடுக்க வரும் பெண்ணிடம் சொன்னேன். "ஆன்ட்டி, ஸ்ட்ரோக் வந்தவங்க சில பேருக்கு அப்படித்தான் லா. பேச்சு போனாலும் பாட்டு நிக்கும். மெட்டோட சேந்து தானா வருது. அங்கிள் ஏதோ சொல்ல வர்றாருன்னு நெனைச்சுக்காதீங்க" என்றாள்.

சின்னப் பெண், இவளுக்கு என்ன தெரியும் என்று மனதுக்குள் திட்டினேன். பசித்தாலும் அதே பாட்டு, ஈரமானாலும் அதே பாட்டு, தபால்காரர் வந்தாலும் அதே பாட்டு என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அது எனக்காகப் பாடுவதாக இருக்க வேண்டும். அதைவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது?

போன மாதம் ஒரு மத்தியானம் என் கண்ணையே பார்த்துப் பாடினார். குரல் தழுதழுத்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்தது. இடது கையால் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, "தெரியுதுங்க, எல்லாம் தெரியுது" என்று நானும் அழுதேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததே இல்லை. பாட்டு முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார். திரும்பத் திரும்பப் பாடினார், நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

சாயங்காலம் குளிப்பாட்டுவதற்காகக் கைலியை விலக்கினேன். வலது பாதம் மிதிபலகைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலில் அசைவுதான் இல்லை, வலி உண்டு. விரல்கள் கறுத்து, நகம் பெயர்ந்து, காலுறை ரத்தத்தோடு ஒட்டிப்போயிருந்தது. மத்தியானம் முழுக்க அவர் இதைத்தான் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவர் பாட ஆரம்பித்தால் நான் முகத்தைப் பார்ப்பதில்லை. காலைப் பார்க்கிறேன், முதுகைப் பார்க்கிறேன், கீழே ஈரமா என்று தடவிப் பார்க்கிறேன். எதுவும் தட்டுப்படாவிட்டால், "எங்கேங்க வலிக்குது?" என்று கேட்கிறேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே, உனக்குத்தான் தெரியுமே என்று பாடுகிறார்.