உப்புப் பார்க்க வந்தவள்

முடக்கொத்தான் இலையைப் பச்சையாக இடித்துத் தேங்காய்ப்பாலோடு கொதிக்கவிட்டால் ஒரு மணம் எழும்பும். மழை நாட்களில் அது அடுப்படியின் தகரக் கூரைக்குக் கீழே அடைபட்டு, பிறகு மெல்ல நகர்ந்து வகுப்பறை வாசல்வரை வந்து நிற்கும். அன்புவழிபுரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் காலைப் பிரார்த்தனை நேரம் எங்கள் மனம் தேவாரத்தில் பாதியும் அந்த மணத்தில் பாதியுமாகத்தான் இருந்தது. அரசாங்கத்தின் செலவில் கிடைத்த "இலைக்கஞ்சி" அது. ஒரு துண்டுச் சர்க்கரையைக் கையில் வைத்துக் கடித்துக் கடித்துக் குடிப்போம்.

அடுப்படி பூமணி மாமியின் ராச்சியம். வாய் நிறைய வெற்றிலையோடு எல்லாரையும் ஏசிக்கொண்டே கஞ்சி வார்ப்பார். ஏச்சுக் கூடினால் கஞ்சியும் கூடும் என்பது எங்கள் அனுபவம்.

ஆனால் கஞ்சி ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான். ஆறாம் வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்குப் பசிக்காது என்று யாரோ எங்கேயோ இருந்து முடிவெடுத்திருந்தார்கள். நான் மூன்றாம் வகுப்புக்கு வந்த தை மாதத்தில் என் அக்கா ஆறாம் வகுப்புக்குப் போனாள். மாரிக்கடல் இன்னும் அடங்கவில்லை. அப்பாவின் தோணி கரையில் கவிழ்ந்து கிடந்தது. வீட்டில் காலையில் வெறும் "தேத்தண்ணி"தான். என் கஞ்சியில் பாதியை அக்காவிடம் கொண்டுபோனபோது அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சின்னப் பிள்ளைகளின் சாப்பாட்டை வாங்கிக் குடிக்க, தான் ஒன்றும் பிச்சைக்காரி இல்லையாம். அந்த ரோசம் அவளோடு கூடப் பிறந்தது.

ஒரு நாள் பிரார்த்தனையில் நின்றபடியே மயங்கி விழுந்தாள். கடல் அடங்கும் மட்டும் அவள் வீட்டிலேயே நிற்கட்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். எங்கள் ஒழுங்கை வீடுகளில் அப்படிக் "கொஞ்ச நாளைக்கு" நின்ற பெண்பிள்ளைகள் ஒருவரும் திரும்பப் பள்ளிக்கூடம் போனதில்லை. அது அக்காவுக்கும் தெரியும். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன்.

கதை எப்படியோ பூமணி மாமியின் காதுக்கு எட்டிவிட்டது. மறுநாள் எங்கள் வேலிப் படலையில் வந்து நின்று, நேரே அக்காவைத்தான் கூப்பிட்டார்.

"பிள்ளை, நான் விரதம் பிடிக்கிறன். கஞ்சிக்கு உப்புக் காணுமோ எண்டு வாயில வைச்சுப் பார்க்க ஏலாது. சின்னனுகளுக்கு உப்புப் பார்க்கத் தெரியாது. நீ காலமையில வந்து பார்த்துத் தாறியோ?"

உதவி என்று கேட்டால் அக்கா மறுக்கமாட்டாள். முதலில் ஒரு கரண்டி, பிறகு ஒரு கோப்பை. சர்க்கரை கடிக்காமல் உப்பு விளங்காது என்று மாமி ஒரு துண்டும் வைத்தார். மணி அடித்ததும் அக்கா அப்படியே ஆறாம் வகுப்புக்குப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை விரதம், செவ்வாய் விரதம், மகனுக்கு நேர்த்தி, மகளுக்குத் தோஷம் என்று அந்த மாரி முடியும்வரை மாமிக்கு விரதம் ஓயவில்லை. பள்ளிக்கூடத்து அதிபர் ஒரு நாள் அடுப்படிக்கு வந்தார். அக்காவின் கோப்பையைப் பார்த்தார், மாமியைப் பார்த்தார், பிறகு அக்காவிடமே உப்புச் சரியோ என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

பாவம், மாமி பட்டினி கிடக்கிறாரே என்று நான் உண்மையாகவே கவலைப்பட்டேன். அந்தக் கவலை ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பஸ் நிலையத்தடியில் தீர்ந்தது. அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் மாமி மீன் ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் மிச்சத்தை என் கையில் வைத்து, "கொக்காவுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். நான் அக்காவிடம் மூச்சும் விடவில்லை.

அக்கா இப்போது கணிதம் படிப்பிக்கிறாள். போன மாதம் பூமணி மாமியின் செத்தவீட்டுக்கு இருவரும் போய்த் திரும்பும்போது, இனிச் சொன்னால் குற்றமில்லை என்று மீன் ரொட்டிக் கதையைச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

"எனக்கு முதல் நாளே தெரியும். விரதக்காரி வாய் நிறைய வெத்திலையோட வந்து நிப்பாவே?"

அப்படியென்றால் ஏன் போனாய் என்று கேட்டேன்.

"மனிசி எனக்காகச் சாமியின்ர பேரில பொய் சொன்னது. மாட்டன் எண்டு சொல்ல மனம் வரேல்லை." கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "பசியும்தான்" என்றாள்.

வழியில் பள்ளிக்கூடத்தடியில் நின்றோம். அடுப்படி இருந்த இடத்தில் சைக்கிள் கொட்டகை இருக்கிறது. சாப்பாடு இப்போது வெளியில் சமைத்து வருகிறது என்று காவலாளி சொன்னார். உப்பு யார் பார்க்கிறது என்று அக்கா கேட்டாள். அதெல்லாம் அங்கேயே பார்த்துத்தான் அனுப்புவார்கள் என்றார் அவர். அக்கா தலையாட்டிவிட்டு, ஆறாம் வகுப்பு இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.