அம்மா கொடுத்த சூப்பர்வைசர் பதவி

"முதியோர் உதவித்தொகை ஆதரவு இல்லாதவங்களுக்குத்தான் சார். உங்கம்மாவுக்குத்தான் நீங்க இருக்கீங்களே!" என்றார் தாலுகா ஆபீஸ் ஜன்னலுக்குள் இருந்த பெண்மணி. யாரைச் சொல்கிறார் என்று நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். என்னை ஒருவருக்கு ஆதரவு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. என் மனைவி கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

ஓசூரில் வண்டிப் பாகம் செய்யும் கம்பெனியில் நான் கான்ட்ராக்ட் ஆள். பாகலூர் ரோட்டில் ஒற்றை அறை வாடகை வீடு. அம்மா வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து படுத்த படுக்கையானதும் லீவு போட்டேன். கான்ட்ராக்ட் ஆளுக்கு லீவு என்றால் சம்பளமும் லீவு. மனைவியின் தையல் கம்பெனிக் கூலி வாடகைக்கும் அரிசிக்குமே சரியாகப் போனது.

பக்கத்து வீட்டு அக்காதான் வழி சொன்னார். "நீ வேலைக்குப் போப்பா, அம்மாவ நான் பாத்துக்கறேன். ஆனா டயப்பர் வாங்கி வெச்சுடு. துணி அலசறதெல்லாம் என் முதுவுக்கு ஆவாது."

அந்த டயப்பருக்காகத்தான் உதவித்தொகை கேட்டேன். அது இல்லாவிட்டால் அக்கா இல்லை. அக்கா இல்லாவிட்டால் எனக்கு வேலை இல்லை. கான்ட்ராக்டர் மாசக் கடைசி வரை என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்.

நடையாய் நடந்த பிறகு, அதிகாரி வீட்டுக்கே வந்து விசாரிப்பார் என்றார்கள். அப்போதுதான் என் மூளை வேலை செய்யத் தொடங்கியது. வீட்டுக்கு ஒருவர் வருகிறார் என்றால் எங்கள் ஆட்களுக்கு அவர் விருந்தாளி, அவ்வளவுதான். வீட்டைக் கழுவினோம். அக்கா மகளின் கல்யாண மெத்தையை இரவல் வாங்கி அம்மாவுக்குக் கீழே விரித்தேன். மனைவி தன் பட்டுப்புடவையை அம்மாவுக்குச் சுற்றிவிட்டாள். குளிரக் குளிர மாம்பழ ஜூஸ் வேறு. வறுமையை நிரூபிக்க வேண்டிய நாளில், வீடு பெண் பார்க்க வரும் வீடு மாதிரி ஜொலித்தது. நானே ரசித்து நின்றேன், முட்டாள்.

வந்தவர் சின்ன வயதுப் பெண். மரியாதையாகத்தான் கேட்டார்.

"எழுந்து நடப்பீங்களாம்மா?"

"ஓ, நடப்பனே!" என்றாள் அம்மா.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. திரும்பிப் படுக்கக்கூட என் தோள் வேண்டும் அவளுக்கு.

"யாரு பாத்துக்கறாங்க?"

"எம் மவன்தான் கண்ணு. கம்பெனில சூப்பர்வைசரு. என்னிய ராணி மாதிரி வெச்சிருக்கான்."

அன்று காலைதான், "என்னிய சாவடிக்கவே பொறந்தியாடா" என்று என்னைத் திட்டிய அதே வாய். பிறந்ததிலிருந்து நான் கேட்டிராத பாராட்டு, அன்றைக்கா வர வேண்டும்?

"மேடம், நான் வேலைக்கே போறதில்லைங்க" என்று பதறினேன்.

"பாத்தியா கண்ணு, லீவு போட்டு ஊட்லயே இருந்து பாத்துக்கறான்!"

மேடம் மெத்தையைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், ஜூஸைக் குடித்து முடித்தார். "நல்லா இருக்கீங்கம்மா" என்று எழுந்து போனார்.

மனு தள்ளுபடி ஆனது. மாசக் கடைசியில் என் மெஷினில் வேறு ஆள் நின்றான்.

"ஏம்மா இப்படிப் பண்ணின?" என்று கேட்டேன். கோபம்கூட வரவில்லை, திகைப்பே அடங்கவில்லை.

"பின்ன? பேரு ஊரு தெரியாத பொண்ணுகிட்ட, எம் மவன் வேலவெட்டி இல்லாம கெடக்கான், நான் மூத்திரத்துல கெடக்கறன்னு சொல்லச் சொல்றியா? உம் மானம் என்னாவறது?"

எனக்கு மானம் இருக்கிறது என்பதும் எனக்குப் புதுச் செய்தி.

மேல்முறையீடு செய்தோம். மறுபடியும் ஒருவர் வருவார் என்றார்கள். இந்த முறை மெத்தையும் இல்லை, பட்டும் இல்லை, ஜூஸும் இல்லை. முந்தின நாளே ஒத்திகை பார்த்தோம்; நான் நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்து அதிகாரியாக நடித்தேன்.

"நடப்பீங்களாம்மா?"

"முடியலங்க சார்."

"படுக்கையிலயேதானா எல்லாம்?"

"ஆமாங்க சார்." தலையைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"மகன் என்ன வேலை பண்றாரு?"

இன்னொரு தடவை கேட்டேன். அம்மா மெதுவாகத் தலையைத் திருப்பி, என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தாள்.

"அத மட்டும் நான் தூங்கறப்ப வர்றவங்ககிட்ட நீயே சொல்லிக்கடா."