லிண்டன் மரத்தடியில் பிரெண்டா

வெஸ்ட்ஹோமில் வீடு வாங்குகிறவர்கள் மரங்களைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். பிறகு அதே மரம் காரின் மேல் பிசுபிசுவென்று சொட்டுகிறது என்று நகராட்சிக்குப் புகார் எழுதுவார்கள்.

அந்தக் காலத்து எஃகு ஆலை முதலாளிகள், தங்கள் ஆலைப் புகை தங்கள் மூக்கில் ஏறக்கூடாதென்று இந்த மேட்டில் மாளிகைகள் கட்டி, வாசல்தோறும் லிண்டன் நட்டார்கள். அவர்கள் போய்ச் சேர்ந்தபின் மாளிகைகள் ஒற்றை அறைகளாகத் துண்டுபட்டன. அப்படி ஒரு நிலவறை வீட்டில் முப்பத்தெட்டு வருடமாக இருக்கிறார் பிரெண்டா ஆக்ஸ்லி, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர். ஜன்னலில் அவருக்குத் தெரிவது வாசல் மரத்தின் அடி மட்டுமே. அதனால் தினமும் வெளியே வந்து அண்ணாந்து பார்ப்பார். நூற்று நாற்பது வயதிலும் இந்த மரம் அவ்வளவு உயரத்துக்குச் சத்தமில்லாமல் தண்ணீர் ஏற்றுகிறதே என்று தினமும் வாயடைத்துப் போவார்.

வேர் நடைபாதையைத் தூக்குகிறது, மரத்தை வெட்டப்போகிறோம் என்று நகராட்சி அறிவித்தது. பிப்ரவரி கடைசி நாளன்று என்று தேதியும் குறித்தது. அன்று தப்பினால் பறவைகள் கூடு கட்டும் காலம்; இலையுதிர் காலம் வரை தொடமாட்டார்கள். மரத்தைச் சுற்றி வைக்கும் தடுப்புக்குள் ஆள் இருந்தால் ரம்பத்தை ஓட்டக்கூடாது என்பது விதி. பிரெண்டா மடக்கு நாற்காலியோடு உள்ளே போய் உட்கார்ந்தார். தெருக்காரர்கள் திரைச்சீலை இடுக்கு வழியாக ஆதரவு தெரிவித்தார்கள்.

"எந்திரிச்சு வாங்கம்மா. எவ்வளவு நேரம் உக்காருவீங்க?" என்றான் மரம் வெட்ட வந்த மேஸ்திரி கார்ல்.

"முப்பது வருஷம் பஸ் ஓட்டுனவ கண்ணு. உக்கார எனக்கா சொல்லித்தரணும்?"

பதினொரு மணிக்கு மழை பிடித்தது. கார்லுக்கும் அவன் கூட்டாளிக்கும் பல் தந்தியடித்தது. வாசலில் நனைகிற வேலையாளுக்கு டீ கொடுக்காமலிருக்க இந்த ஊரில் பிறந்த யாராலும் முடியாது.

"சக்கரை எத்தனை?" என்று கேட்டபடி பிரெண்டா எழுந்து உள்ளே போனார்.

தண்ணீர் கொதிக்கும்போதுதான், நாற்காலியை விட்டு வந்தது அவருக்கு உறைத்தது. ஜன்னலில் பார்த்தார். மரத்தடியில் வேலையாள் பூட்ஸ் இரண்டு. டீத் தட்டைத் தூக்கிக்கொண்டு படியேறினார்.

கார்ல் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். தலைக்கவசம் மடியில் கிடந்தது. அண்ணாந்த முகத்தில் மழை விழுந்தது, அவன் துடைக்கவில்லை.

"இருபது வருஷமா வெட்றேன்மா," என்றான். "எங்க ரம்பத்த வைக்கலாம்னுதான் பாத்திருக்கேன். இப்படி அடியில உக்காந்து ஒரு மரத்தையும் பாத்ததில்ல. எவ்ளோ பெருசு."

தடுப்புக்கு வெளியே கூட்டாளி ரம்பத்தை எடுத்தான். "அந்தம்மாதான் எந்திரிச்சிட்டாங்கள்ல, வாங்கண்ணே. ஆரம்பிச்சிடலாம்."

"உள்ள ஆள் இருக்குடா," என்ற கார்ல், டீக்குக் கை நீட்டினான்.